அந்தமானில் விடியும்போது சர்வரில் ஏன் நேற்றைய தேதி? புரோகிராமில் நேர மண்டலத்தைச் சரியாகக் கையாள்வது எப்படி?

ஜூன் 10-ம் தேதி காலை 4:58 மணி. ஸ்ரீ விஜய புரத்தில் (2024 செப்டம்பர் வரை அதன் பெயர் போர்ட் பிளேர்) வெளிச்சம் வந்துவிட்டது. ஜங்லிகாட் மீன் இறங்குதளத்தில் ஒரு படகின் மீனை எடை போட்டு, செல்போன் செயலியில் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தப் பதிவு சர்வருக்குப் போகிறது. அங்கே அது எந்தத் தேதியில் விழும் தெரியுமா? ஜூன் 9, இரவு 23:28.

சர்வரில் தப்பில்லை. அது உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடுகிறது. இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்தால் 23:28 தான் வரும். ஆனால் அந்தத் தேதியை அப்படியே எடுத்து 'இன்றைய கணக்கு' போடும் புரோகிராம், இன்று பிடித்த மீனை நேற்றைய கணக்கில் சேர்த்துவிடும். ஏப்ரல் 1-ம் தேதி விடியற்காலையில் போட்ட பில் என்றால், அது போன நிதியாண்டுக்கே போய்விடும்.

இதை எழுதிய புரோகிராமர் சென்னையில் உட்கார்ந்து டெஸ்ட் செய்திருந்தால், பிழை கண்ணில் படாமலே போயிருக்கலாம். ஏன் என்பதற்கு விடை சூரியனிடம் இருக்கிறது.

யூடிசியில் தேதி மாறுவது இந்திய நேரப்படி காலை 5:30-க்கு. சென்னையில் வருடத்தில் ஒரு நாள்கூட சூரியன் 5:30-க்கு முன் உதிப்பதில்லை. ஜூன் மாதத்திலேயே 5:40-க்கு மேல் ஆகிவிடும். ஸ்ரீ விஜய புரத்திலோ மார்ச் கடைசி முதல் நவம்பர் கடைசி வரை சூரியன் 5:30-க்கு முன்பே வந்துவிடுகிறது. அதாவது, சென்னையில் ஊர் விழிப்பதற்குள் சர்வரின் தேதி மாறியிருக்கும். அந்தமானில் வேலை தொடங்கும்போது சர்வர் இன்னும் நேற்றில் இருக்கும்.

கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். பிறகு எப்படி இந்த வித்தியாசம்?

ஒரே நாடு, ஒரே கடிகாரம், வேறு வேறு சூரியன்

இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் கோடு அது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். 82.5-ஐ நான்கால் பெருக்கினால் 330 நிமிடம். அதுதான் ஐந்தரை மணி நேரம்.

ஸ்ரீ விஜய புரம் இருப்பது ஏறத்தாழ 92.7 டிகிரியில். அந்தக் கோட்டிலிருந்து பத்து டிகிரிக்கு மேல் கிழக்கே. அதனால் அங்கே சூரியன், கடிகாரத்தைவிட சுமார் 41 நிமிடம் முந்துகிறது. சென்னையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 50 நிமிடம். நவம்பர் கடைசியில் அங்கே மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடுவதற்கும் இதுவே காரணம்.

அக்கம்பக்கத்து நாடுகளைப் பாருங்கள். வடக்கே மியான்மர், யூடிசியைவிட ஆறரை மணி நேரம் முன்னால். கிழக்கே தாய்லாந்தும் தெற்கே இந்தோனேசியாவின் ஆச்சேயும் ஏழு மணி நேரம் முன்னால். அந்தமான் மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சென்னையின் கடிகாரத்தைப் பின்பற்றுகிறது.

இதிலிருந்து புரோகிராமர் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இது: நேர மண்டலம் என்பது புவியியல் கணக்கு மட்டுமில்லை, ஒரு அரசு எடுக்கும் முடிவு. தீர்க்கரேகையை வைத்து ஒரு ஊரின் கடிகாரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதேபோல, கடிகாரத்தை வைத்து சூரிய உதயத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது. உங்கள் செயலி தொழுகை நேரமோ ராகு காலமோ காட்டுகிறதென்றால், அதற்கு அந்த ஊரின் தீர்க்கரேகையும் அட்சரேகையும் வேண்டும். வெறும் ஐஎஸ்டி போதாது.

நொடி வேறு, கடிகாரம் வேறு

நேரம் தொடர்பான பெரும்பாலான பிழைகள், இரண்டு விஷயங்களை ஒன்று என்று நினைப்பதால் வருகின்றன.

ஒன்று, ஒரு சம்பவம் நடந்த நொடி. அது உலகம் முழுக்க ஒன்றுதான். மற்றொன்று, அந்த நொடியில் ஒரு ஊரின் சுவர்க் கடிகாரம் காட்டிய எண். அது ஊருக்கு ஊர் மாறும்.

2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்வோம். சுமத்ரா அருகே கடலுக்கடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது யூடிசி நேரப்படி 00:58 மணிக்கு. அந்த ஒரே நொடியில் கடிகாரங்கள் காட்டியது இது:

• சென்னை, போர்ட் பிளேர், கார் நிக்கோபார்: காலை 6:28
• கொழும்பு: காலை 6:58
• யாங்கூன்: காலை 7:28
• பண்டா ஆச்சே, புக்கெட்: காலை 7:58

நிக்கோபார் தீவுகளை சுனாமி சிறிது நேரத்திலேயே தாக்கியது. தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வர சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. இப்போது யோசித்துப் பாருங்கள். 'நிலநடுக்கம் 7:58-க்கு' என்று மட்டும் ஒரு செய்தி வருகிறது, எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு இல்லை. சென்னையில் இருப்பவர் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொண்டால், அலை வர இன்னும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக இருக்கிறது என்று கணக்குப் போடுவார். உண்மையில் அந்த நேரம் ஏற்கெனவே கரைந்து போயிருக்கும்.

அதனால்தான் நேரத்தை ஊர் பெயரோ யூடிசி குறிப்போ இல்லாமல் அனுப்பக் கூடாது. புரோகிராமர்கள் இப்படிப்பட்ட மொட்டை நேரத்தை 'நெய்வ் டைம்' என்பார்கள். '2004-12-26 07:58' என்பது ஒரு நொடியைக் குறிக்காது. அதன் வால் பகுதியில் '+07:00' என்று சேர்ந்தால்தான் அது ஒரு நொடி.

பயண நேரக் கணக்கிலும் இதே கதைதான். கோலாலம்பூரில் காலை 10:30-க்குக் கிளம்பும் ஒரு விமானம் ஸ்ரீ விஜய புரத்தில் 11:00-க்கு இறங்குகிறது என்றால், அரை மணி நேரப் பயணமா? இரண்டு நேரத்தையும் யூடிசிக்கு மாற்றுங்கள்: 02:30, 05:30. மூன்று மணி நேரம். கழித்தல் கணக்கு எதுவானாலும் யூடிசியில் போட்டால் தப்பு வராது.

+5:30 என்று எழுதிவிட்டால் போதாதா?

மேலே கொழும்பு நேரத்தைப் பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்திருக்கும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தானே, எப்படி 6:58?

இன்று ஒரே நேரம்தான். 2004-ல் அப்படி இல்லை. 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அதே வருடம் அக்டோபரில் அரை மணி நேரம் பின்னால் கொண்டுவந்தது. அதன்பின் 2006 ஏப்ரல் 15 வரை யூடிசியைவிட ஆறு மணி நேரம் முன்னால் இருந்தது. அந்த நாளில்தான் மறுபடியும் ஐந்தரைக்கு வந்தது. அந்த வருடங்களில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். ஆகவே ஒரே தீவில் கிளிநொச்சிக்கு ஒரு நேரம், கொழும்புக்கு ஒரு நேரம்.

இப்போது, 2004-ம் ஆண்டு கொழும்பு ஆவணம் ஒன்றை டேட்டாபேஸில் ஏற்றும்போது, 'இலங்கை என்றால் +5:30' என்று கோடில் எழுதிவிட்டால் ஒவ்வொரு பதிவும் அரை மணி நேரம் தப்பு.

இங்கேதான் ஆஃப்செட்டுக்கும் நேர மண்டலத்துக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. ஆஃப்செட் என்பது ஒரு எண்: யூடிசியிலிருந்து எவ்வளவு தள்ளி. நேர மண்டலம் என்பது ஒரு ஊரின் சரித்திரம்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த ஆஃப்செட் என்ற முழுப் பட்டியல்.

அந்தச் சரித்திரத்தை உலகம் முழுக்கத் தொகுத்து வைத்திருப்பது 'டிஇசட் டேட்டாபேஸ்'. 2011 முதல் ஐயானா அமைப்பு இதை வெளியிடுகிறது. உங்கள் லினக்ஸ் சர்வர், ஆண்ட்ராய்டு போன், பைத்தான், ஜாவா எல்லாமே நேரடியாகவோ சுற்றியோ இதைத்தான் பயன்படுத்துகின்றன. இதில் கொழும்புக்கு 'ஏசியா/கொலம்போ' என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் கொடுத்து 2004-ம் ஆண்டு தேதியைக் கேட்டால் ஆறு மணி நேரம் என்றும், 2007-ம் ஆண்டு தேதியைக் கேட்டால் ஐந்தரை என்றும் சரியாகச் சொல்லும்.

இந்தியா முழுமைக்கும், அந்தமான் உட்பட, இதில் ஒரே பெயர்: 'ஏசியா/கொல்கத்தா'. பழைய 'ஏசியா/கல்கத்தா' என்ற பெயரும் இன்னும் வேலை செய்யும். சில பிரவுசர்கள் இன்றும் பழைய பெயரைத்தான் திருப்பித் தருகின்றன. ஆகவே இரண்டு பெயர்களின் எழுத்துகளை ஒப்பிட்டு 'இது இந்தியா இல்லை' என்று உங்கள் கோட் முடிவு செய்துவிடக் கூடாது.

நம் ஊரிலும் நேரம் மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் வருவதற்கு முன்பு, மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தை அடிப்படையாகக் கொண்ட மெட்ராஸ் நேரம் இருந்தது. யூடிசியைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னால். ரயில்வே அதைப் பயன்படுத்தியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டன. அப்போது ஆஃப்செட் ஆறரை மணி நேரம். அந்த வருடங்களில் பிறந்த உங்கள் தாத்தாவுக்கு ஜாதகம் கணிக்கும் சாஃப்ட்வேர், கண்ணை மூடிக்கொண்டு ஐந்தரையைக் கழித்தால் லக்னமே மாறிவிட வாய்ப்பு உண்டு.

இந்தப் பழைய சரித்திரம் இன்றைய கோடிலும் எட்டிப் பார்க்கும். பைத்தானில் 'பைடிஇசட்' என்ற பழைய லைப்ரரி உண்டு. அதில் கொல்கத்தா மண்டலத்தை ஒரு நேரத்தோடு நேரடியாக ஒட்டவைத்தால், ஆஃப்செட் 5:30 என்று வராமல் 5:53 என்று வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பலர் இதைப் பார்த்துக் குழம்பிப்போவார்கள்.

அந்த 53 நிமிடம் எங்கிருந்து வந்தது? கொல்கத்தாவின் தீர்க்கரேகை சுமார் 88.37 டிகிரி. நான்கால் பெருக்குங்கள்: 353 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதாவது 5 மணி 53 நிமிடம். பொது நேரங்கள் வருவதற்கு முன் கொல்கத்தா நகரின் சொந்தச் சூரிய நேரம் அது. பட்டியலின் முதல் வரியில் இருப்பதால், லைப்ரரி அதையே எடுத்துக்கொள்கிறது. அதற்கென்று இருக்கும் 'லோக்கலைஸ்' என்ற வழியைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் வராது. இன்னும் நல்லது, பைத்தான் 3.9 முதல் கூடவே வரும் 'ஜோன்இன்ஃபோ'வுக்கு மாறிவிடுவது.

ஐஎஸ்டி என்றால் எந்த ஐஎஸ்டி?

மூன்றெழுத்துச் சுருக்கங்களை நம்பாதீர்கள். ஐஎஸ்டி என்பது நமக்கு இந்திய நேரம். இஸ்ரேலுக்கும் அதே ஐஎஸ்டி தான். அயர்லாந்தின் கோடைக்கால நேரமும் ஐஎஸ்டி தான்.

ஜாவா இந்த மூன்றெழுத்தை இந்தியா என்று புரிந்துகொள்ளும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இயல்பான சுருக்கப் பட்டியலில் அதுவே இஸ்ரேல் என்று இருக்கிறது. ஆகவே ஒரு பக்கம் ஜாவா, மறுபக்கம் போஸ்ட்கிரெஸ், நடுவில் ஐஎஸ்டி என்ற எழுத்து போனால், சத்தமே இல்லாமல் மூன்றரை மணி நேரம் தப்பாகலாம்.

இன்னொரு பொறி: 'எட்சி/ஜிஎம்டி-5' என்ற மண்டலப் பெயர். பார்த்தால் யூடிசிக்கு ஐந்து மணி நேரம் பின்னால் என்று தோன்றும். உண்மையில் ஐந்து மணி நேரம் முன்னால். பழைய யூனிக்ஸ் மரபில் குறி தலைகீழ். ஊர் பெயர் இருக்கும்போது இந்தப் பெயர்கள் பக்கமே போக வேண்டாம்.

சரி, எப்படித்தான் சேமிப்பது?

'எல்லாவற்றையும் யூடிசியில் சேமி' என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்வது. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நடந்து முடிந்தவை: பணப் பரிமாற்றம், லாகின், சென்சார் பதிவு, மீன் எடை. இவற்றை யூடிசியில் சேமியுங்கள். பைத்தானில் இப்போதைய நேரத்தைக் கேட்கும்போதே யூடிசி மண்டலத்தைச் சொல்லிக் கேளுங்கள். 'யூடிசிநவ்' என்ற பழைய வழி மொட்டை நேரத்தைத் தருகிறது. பைத்தான் 3.12 முதல் அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். ஜாவாவில் 'இன்ஸ்டன்ட்' என்ற வகை இதற்காகவே இருக்கிறது.

நடக்கப்போகிறவை: மீட்டிங், மருத்துவ அப்பாயின்ட்மென்ட், கப்பல் புறப்பாடு. இவற்றுக்கு ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நேரம் எந்த ஊர்க் கடிகாரத்துக்குக் கொடுத்த வாக்கு? நியூயார்க் வாடிக்கையாளரோடு வாராவாரம் அங்கே காலை 9 மணிக்கு மீட்டிங் என்றால், கோடையில் உங்களுக்கு அது மாலை 6:30. 2025-ல் நவம்பர் 2-ம் தேதி அமெரிக்கா கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அது 7:30 ஆனது. வாக்கு நியூயார்க் கடிகாரத்துக்கு. ஆகவே '9:00, அமெரிக்கா/நியூயார்க்' என்று சேமியுங்கள். முன்கூட்டியே யூடிசியாக மாற்றி உறைய வைத்தால், நடுவில் விதி மாறும்போது மீட்டிங் தவறும்.

நேரமே இல்லாதவை: பிறந்த நாள், விடுமுறை நாள், பில் தேதி. இவை வெறும் தேதிகள். இவற்றோடு நள்ளிரவு 12 மணியை ஒட்டவைத்து டைம்ஸ்டாம்ப் ஆக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் '2025-01-15' என்று மட்டும் கொடுத்தால் அதை யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் பார்ப்பவருக்கு அது 15-ம் தேதி காலை 5:30. பிரச்னை தெரியாது. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அக்கா பார்த்தால் 14-ம் தேதி. பிறந்த நாள் ஒரு நாள் முன்னால் போய்விடும்.

டேட்டாபேஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. போஸ்ட்கிரெஸில் 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஜோன்' என்ற வகை, பெயரில் இருப்பதுபோல நேர மண்டலத்தைச் சேமிப்பதில்லை. நீங்கள் கொடுத்த நேரத்தை யூடிசி ஆக்கி நொடியை மட்டும் வைத்துக்கொள்கிறது. எந்த ஊர் என்பது வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும்.

'இன்று' எங்கே தொடங்குகிறது?

இப்போது அந்த மீன் கணக்குக்கு வருவோம். பதிவு யூடிசியில் இருப்பது சரி. தப்பு எங்கே நடந்தது என்றால், யூடிசி நேரத்திலிருந்து தேதியை வெட்டி எடுத்த இடத்தில்.

ஜூன் 10-ன் கணக்கு வேண்டுமா? முதலில் கொல்கத்தா மண்டலத்தில் ஜூன் 10 தொடங்கும் நொடியையும் ஜூன் 11 தொடங்கும் நொடியையும் கண்டுபிடியுங்கள். யூடிசியில் அவை ஜூன் 9, 18:30 மற்றும் ஜூன் 10, 18:30. முதல் நொடியைச் சேர்த்து, இரண்டாவது நொடிக்கு முன்பு வரை உள்ள பதிவுகளை எடுங்கள். 23:28 பதிவு இதற்குள் வந்துவிடும். மீன் சரியான நாளில் சேர்ந்துவிடும்.

முடிவை '23:59:59 வரை' என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கடைசி நொடிக்குள் வரும் பதிவுகள் எந்த நாளிலும் சேராமல் தொலையும். அதேபோல 'ஒரு நாள் என்றால் 24 மணி நேரம்' என்று கூட்டுவதும் இந்தியாவைப் போல கடிகாரத்தை மாற்றாத இடங்களில் மட்டுமே வேலை செய்யும். நியூயார்க்கில் வருடத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம், ஒரு நாளுக்கு 25 மணி நேரம். 2025 மார்ச் 9-ம் தேதி அதிகாலை 2:30 என்ற நேரம் அங்கே வரவே இல்லை. நவம்பர் 2-ம் தேதி 1:30 இரண்டு முறை வந்தது.

நெட்வொர்க் இல்லாத தீவில் என்ன செய்வது?

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி ஃபைபர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ல் தான் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர். கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை அது போகிறது. ஆனாலும் நடுக்கடலில் இருக்கும் படகுக்கு அது எட்டாது.

இப்படிப்பட்ட இடங்களில் பதிவு நடப்பது ஒரு நேரம், சர்வருக்கு வந்து சேர்வது வேறு நேரம். காலையில் நடந்தது மறுநாள் வரலாம். அதனால் இரண்டு பத்திகள் வைத்துக்கொள்ளுங்கள்: நடந்த நேரம், வந்து சேர்ந்த நேரம். கணக்குக்கு முதலாவது. சண்டை வந்தால் சரிபார்க்க இரண்டாவது. போனின் கடிகாரத்தை யாராவது மாற்றி வைத்திருந்தால், இரண்டையும் ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

சர்வர்களின் கடிகாரத்துக்குச் சட்ட ரீதியான கட்டாயமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரத்தை தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும். பல நாடுகளில் சர்வர் வைத்திருப்பவர்கள் வேறு துல்லியமான மூலத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் விலகல் இருக்கக் கூடாது. லாக் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். ஒரு சைபர் தாக்குதலை விசாரிக்கும்போது, ஒரு சர்வரின் லாக் யூடிசியிலும் மற்றொன்று குறிப்பே இல்லாத உள்ளூர் நேரத்திலும் இருந்தால், எது முதலில் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நாளைக்கு அந்தமானுக்குத் தனி நேரம் வந்தால்?

இது வெறும் கற்பனை இல்லை. இந்திய நேரத்தைப் பராமரிக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளே 2018-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் இரண்டு நேர மண்டலங்களைப் பரிந்துரைத்தார்கள். ஐஎஸ்டி-1 இப்போதுள்ள ஐந்தரை. ஐஎஸ்டி-2 ஆறரை. இரண்டாவது மண்டலத்தில் அசாம், மேகாலயா, நாகாலாந்து, அருணாச்சலப் பிரதேசம், மணிப்பூர், மிசோரம், திரிபுரா ஆகியவற்றோடு அந்தமான் நிக்கோபாரும் இருந்தது. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் 'சாய் பகான் நேரம்' என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்து வேலை செய்யும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது.

மத்திய அரசு இந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வரைவு விதிகள், நாடு முழுக்க ஒரே இந்திய நேரத்தைக் கட்டாயமாக்கும் திசையில்தான் இருந்தன. ஆனால் இலங்கை பத்து வருடத்தில் மூன்று முறை மாற்றியது. 2025-ல் சிலி நாட்டின் அய்சென் பிராந்தியம் தலைநகரின் நேரத்திலிருந்து பிரிந்தது. அதற்காக டிஇசட் டேட்டாபேஸில் புதிதாக ஒரு பெயரையே சேர்க்க வேண்டி வந்தது.

அந்தமானுக்கு இப்படி ஒரு நாள் வந்தால், உங்கள் டேட்டாபேஸ் தாங்குமா? 'ஏசியா/கொல்கத்தா' என்று மட்டும் சேமித்திருந்தால், எந்த வாடிக்கையாளர் கொல்கத்தா, எவர் கார் நிக்கோபார் என்று பிரிக்க வழியில்லை. கூடவே ஊரையோ பின்கோடையோ சேமித்திருந்தால், 744-ல் தொடங்குபவர்களைப் பிரித்துப் புதிய மண்டலத்தைக் கொடுத்துவிடலாம். ஒரு வரி மாற்றத்தில் வேலை முடியும். கோடில் நூறு இடத்தில் '330 நிமிடம் கூட்டு' என்று எழுதியிருந்தால், நூறு இடத்தையும் தேட வேண்டும்.

ரிலீஸுக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

• நேரம் போகும் இடமெல்லாம் யூடிசி குறிப்போ ஆஃப்செட்டோ கூடவே போகிறதா?
• +5:30, 330, 19800 போன்ற எண்கள் கோடில் கையால் எழுதப்பட்டிருக்கின்றனவா? இருந்தால் எடுத்துவிட்டு மண்டலப் பெயரைப் போடுங்கள்.
• ஆஃப்செட் எப்போதும் முழு மணி நேரம் என்று எங்காவது நினைத்திருக்கிறீர்களா? இந்தியா 5:30, நேபாளம் 5:45.
• எதிர்கால நிகழ்வுகளில் உள்ளூர் நேரமும் மண்டலப் பெயரும் இருக்கின்றனவா?
• சர்வரிலும் போனிலும் டிஇசட் டேட்டாபேஸ் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது?
• டெஸ்டில் இந்த நான்கு நேரங்களும் இருக்கின்றனவா: ஏப்ரல் 1 அதிகாலை 5:20, ஜூன் 10 அதிகாலை 4:58 (இரண்டும் இந்திய நேரம்), 2004-ன் ஒரு கொழும்பு நேரம், நியூயார்க்கில் கடிகாரம் மாறும் ஒரு ஞாயிறு?

இந்த நான்கு டெஸ்டை எழுத அரை மணி நேரம்கூட ஆகாது. காலை பத்து மணிக்கு ஆபீஸ் வந்து டெஸ்ட் செய்பவர் கண்ணில் படாத பிழைகளை அவை பிடித்துக் கொடுக்கும். ஐந்து மணிக்கே வேலையைத் தொடங்கிவிடும் ஊரில் உங்கள் செயலியை நம்புகிறவரின் கணக்கும் சரியாக இருக்கும்.